நான் பிடுங்கிய வயர்

அக்டோபர் 20, வெள்ளி

மழை விட்டபாடில்லை. துவைத்துப் போட்ட சேலையெல்லாம் கொடியிலேயே கிடந்து வாடை அடிக்கிறது. மேலே இவ்வளவு தண்ணீர் கொட்டுகிறது, குழாயில் ஒரு சொட்டு வரவில்லை. கேட்டால் மோட்டார் ரிப்பேராம். நல்ல ஊர், நல்ல பஞ்சாயத்து.

ஆஸ்பத்திரியில் வழக்கமான ஓட்டம். பில்லிங் கம்ப்யூட்டர் தூங்கிவிட்டது, மருந்தகத்துப் பிரிண்டர் காகிதத்தைத் தின்கிறது. அத்தனை மெஷினுக்கும் நான் ஒருத்தி. "அல்போன்ஸா மேடம், அல்போன்ஸா மேடம்" என்று ஆளாளுக்கு ஏலம் போடுகிறார்கள்.

ரேடியேஷன் பகுதியில் எனக்கு வேலை கிடையாது. அங்கிருக்கும் சர்வரை மெஷின் கம்பெனிக்காரர்கள்தான் பார்க்கவேண்டும், நாங்கள் தொடக்கூடாது என்பது ஒப்பந்தம். ஆனால் கேன்டீனுக்கு அதுதான் வழி. பெஞ்சில் லிங்கதுரையும் அவர் மனைவி தங்கபுஷ்பமும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மினிபஸ் கண்டக்டர். குரல்வளையில் கட்டி. தினமும் கதிர் வைத்து, பாதிக்கு மேல் தாண்டியாயிற்று. குரல் வெறும் காற்றாக வருகிறது, வாய் மட்டும் ஓயவில்லை.

"வாங்க கம்ப்யூட்டரம்மா. நேத்தும் இதே மாம்பழக் கலரு. வீட்டுல வேற சேல கெடையாதா?"

"தொண்டைக்கு ரெஸ்ட் குடுக்கச் சொன்னாவல்லா அண்ணாச்சி. செத்த நேரம் சும்மா இருங்களேன்."

"சும்மா இருந்தா டிக்கெட்ட யாரு போடுவா?"

தங்கபுஷ்பம் தலையில் அடித்துக்கொண்டாள். "இவியளுக்குக் கஞ்சி எறங்காது, வாயி மட்டும் நல்லா ஓடும். டாக்டரு சொல்லியிருக்காவ டீச்சர், விடாம வச்சா சத்தம் திரும்பி வந்துருமாம். நடுவுல நாள் விட்டாத்தான் கட்டி மறுபடியும் தலைதூக்குமாம்." நான் டீச்சர் இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரிந்தவள் எல்லாரும் டீச்சர்தான்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. நோயாளிகளுக்கு இன்றும் நாளையும் விடுமுறை. ரேடியேஷன் வாசலில் வாழைக்கன்று கட்டி, கதிர் மெஷினுக்கே மாலை போட்டு அமர்க்களம். எல்லாம் அட்டெண்டர் இசக்கியப்பன் ஏற்பாடு. மனிதர் மூன்று நாளாகத் துணியும் கையுமாக அலைந்தார்.

"சர்வர் பொட்டியக்கூட விடல மேடம். அணைச்சிப் போட்டு, உள்ள இருக்கதெல்லாம் உருவித் தொடச்சி, சந்தனம் குங்குமம் வச்சி மாட்டிட்டேன்" என்றார், முகமெல்லாம் பூரிப்பாக.

நல்லது என்றேன். சுண்டலில் உப்பு இல்லை.

அக்டோபர் 24, செவ்வாய்

விடுமுறை. வீடு கழுவினேன். மஸ்கட்டிலிருந்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். என்ன விசேஷம் என்றார். என்ன விசேஷம் இருக்கிறது?

அக்டோபர் 25, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் ரேடியேஷன் சர்வரைப் போட்டதும் அதன் டிஸ்க் பெட்டி கூவத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு நோயாளிக்கும் கதிர் எந்தப் பக்கத்திலிருந்து, எந்த வடிவத்தில், எவ்வளவு நேரம் என்கிற பிளான் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். கதிர்க் கணக்குப் போடும் பிரகலாதன் என்னை அழைத்தார். ஈரோட்டுக்காரர், நல்ல மனிதர், பதற்றம் அதிகம். "கம்பெனிக்காரர் ஃபோன்ல இருக்காருங்க. பக்கத்துல நின்னீங்கன்னா எனக்குத் தைரியமா இருக்கும்."

பெட்டிக்குள் நாலு ஹார்ட் டிஸ்க். திறந்து பார்த்தால் நாலுக்கும் சந்தனமும் குங்குமமும். அதை அப்படியே சொன்னேன். ஃபோனில் இருந்தவரோ சிரித்தார். "கழட்டி மாட்டினதுல குழம்பிருக்கு, அவ்வளவுதான். ஒண்ணு ஒத்துப்போகலன்னு காட்டுதா? நாலையும் கட்டாயமாச் சேர்த்துக்கோன்னு குடுங்க."

பிரகலாதன் கொடுத்தார். கூவல் நின்றது. பெயர்ப்பட்டியல் வந்தது, லிங்கதுரையின் பிளானும் திறந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். முதல் ஆளாக அவரையே உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்து, முகத்தின்மேல் வலை முகமூடியைப் பொருத்தி, மேசையோடு சேர்த்துப் பூட்டினார்கள்.

நான் போயிருக்கலாம். சும்மா அவருடைய ஸ்கேன் படத்தைத் திறந்தேன். கழுத்துப் படம் பட்டை பட்டையாக வெட்டுப்பட்டிருந்தது. இடையே ஒரு பட்டையில் கடைவாய்ப் பல், அதில் வெள்ளையாக மின்னுகிற உலோக அடைப்பு. லிங்கதுரைக்குக் கதிர் தொடங்கும் முன்பே கடைவாய்ப் பற்களை எல்லாம் எடுத்துவிட்டார்கள். மெல்லப் பல் இல்லை, கஞ்சிதான் கதி என்று சொல்லிச் சொல்லித்தானே அழுதுகொண்டிருந்தார். இது வேறு யாருடைய தாடையோ.

"சார், இதப் பாருங்க."

பார்த்தார். முகம் வெளிறியது. ஆனாலும், "படம் கெட்டுப்போயிருக்கு, ஒத்துக்கறேன். பிளான் வேற ஃபைலுங்க. மொத்த அளவு கேஸ் ஷீட்டோட சரியா இருக்கு. ஏற்கெனவே நாலு நாள் விட்டுப்போச்சு அவருக்கு" என்றார்.

"மொத்தம் சரியா இருக்கு. ஒவ்வொரு கதிரோட வடிவமும் பேப்பர்ல இருக்கா?"

"அது இருக்காதுங்க."

"படத்துக்குள்ள வேற ஆளு வந்திருக்கான். அந்த வடிவத்துக்குள்ள வரலன்னு யாரு கண்டா?"

அவர் பிளானை மெஷினுக்கு அனுப்புகிற பொத்தானைப் பார்த்தார். கேமராத் திரையில் லிங்கதுரை முகமூடிக்குள் அசையாமல் கிடந்தார். கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டினார், ரெடி என்று. பிரகலாதனின் கை மவுஸுக்குப் போனது. நான் சர்வருக்குப் பின்னால் குனிந்து, பெட்டியிலிருந்து வரும் வயரைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

"மேடம்! என்னங்க பண்றீங்க!"

அதற்குப்பின் ஒரே கூச்சல். லிங்கதுரையை வெளியே கொண்டுவந்தபோது முகமெல்லாம் வலையின் தடம். "என்ன கம்ப்யூட்டரம்மா, என்ன ஆச்சி?" என்றார். மெஷின் ரிப்பேர் அண்ணாச்சி என்றேன். தங்கபுஷ்பம் அவரைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த வயரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அக்டோபர் 26, வியாழன்

நிர்வாக அதிகாரி அறையில் பஞ்சாயத்து. இசக்கியப்பனை வேலைநீக்கம் செய்யப்போகிறார்களாம், அதுவரை வீட்டிலிருக்கச் சொல்லிவிட்டார்கள். கம்பெனிக்காரர், "கண்டபடி கழட்டினதுக்கு நாங்க பொறுப்பில்ல" என்று கைகழுவிவிட்டார். சென்னைக்கு அனுப்பினால் மூன்று வாரம் ஆகும். கடைசியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வயரைப் பிடுங்கத் தெரிந்தவளுக்குச் சரிசெய்யத் தெரியாதா என்கிற பார்வை.

அதிகாரிக்கு விளக்கினேன். நாலு டிஸ்கும் சர்வரோடு நேராகப் பேசுவதில்லை. நடுவில் ஒரு கன்ட்ரோலர் உண்டு. சர்வர் அதனிடம்தான் கேட்கும். அது ஒரு ஃபைலைத் துண்டு துண்டாக நாலு பேருக்கும் பிரித்துக் கொடுத்து எழுதவைக்கும், கேட்கும்போது வாங்கிக் கோத்துக் கொடுக்கும். சர்வருக்கு உள்ளே நாலு பேர் இருப்பதே தெரியாது. நாலில் ஒருவர் படுத்துவிட்டால், மற்ற மூவர் சொல்வதை வைத்து நாலாமவர் சொல்லவேண்டியதைக் கன்ட்ரோலரே கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். ஆனால் ஒருவர் படுக்காமல் எழுந்து நின்று தப்பாகச் சொன்னால் அதற்குக் கண்டுபிடிக்கத் தெரியாது.

"யாரு தப்பாச் சொல்றான்னு கண்டுபிடிங்க" என்றார்.

எழுதவிடாமல் படிக்கமட்டும் விடுகிற அடாப்டர் என்னிடம் ஒன்றுதான். அதனால் ஒவ்வொரு டிஸ்காகத்தான் மாட்டி நகலெடுக்க வேண்டும். பெட்டியில் மூன்றாவதாகப் பதிவான டிஸ்க் முனகுகிறது. ரொம்ப மோசமான நிலையில் இருப்பதை முதலில் நகலெடு, தாமதித்தால் அது செத்துவிடும் என்பது எங்கள் தொழிலின் பாடம். அதையே முதலில் மாட்டினேன்.

பிரகலாதன் சும்மா இல்லை. சில நோயாளிகளுக்குப் புதிதாக ஸ்கேன் எடுத்துப் புது பிளான் போடுகிறார். ஒரு ஆளுக்கு இரண்டு நாள் பிடிக்கிறது. யாருக்கு முதலில் என்று டாக்டர் முடிவு செய்துவிட்டார். குழந்தைகள், அப்புறம் கர்ப்பப்பைக்காரிகள். லிங்கதுரை நடுவில் எங்கோ.

அக்டோபர் 27, வெள்ளி

மூன்றாம் டிஸ்க் உயிரை வாங்குகிறது. டிஸ்கில் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத்தான் இருக்கும். கெட்டுப்போன ஒரு கட்டத்தைக் கேட்டால் இல்லை என்று சொல்லித் தொலைக்காது. மறுபடி மறுபடி தானே படித்துப் பார்க்கும். கேட்ட கம்ப்யூட்டர் வாசலில் காத்துக் கிடக்கும். ஒரு கட்டம் வந்தது, அடுத்ததில் மறுபடியும் அதே கதை. இப்படி லட்சக்கணக்கில்.

நேற்றும் இன்றும் இதோடுதான் போயிற்று.

தங்கபுஷ்பம் என் அறைக்கு வந்தாள். உள்ளே வரவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "டீச்சர், அந்த ஈரோட்டு சாருகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்களேன். இவியளுக்கு மொதல்ல போடச் சொல்லி. நேத்துலேருந்து கஞ்சிய முழுங்க முடியல இவியளுக்கு."

"அது டாக்டர் போட்ட வரிசை அக்கா. நான் சொல்லி மாத்துறது நியாயமில்லல்லா."

"நியாயமா?" என்றாள். அப்புறம் போய்விட்டாள்.

நான் சொன்னதில் என்ன தப்பு? ஒருவருக்குச் சிபாரிசு செய்தால் இன்னொருவர் பின்னால் போவார். எனக்கென்ன, எல்லாரும் ஒன்றுதான்.

மதியச் சோற்றை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அக்டோபர் 28, சனி

மூன்றாவது காலையில் ஒருவழியாக முடிந்தது. முதல் டிஸ்கை மாட்டினேன். என்ன சமர்த்து! மாட்டியவுடன் கம்ப்யூட்டர் கேட்பது, நீ யார் என்று. இது தன் பெயர், எண், எவ்வளவு கொள்ளும் என்று டக்டக்கென்று சொல்லிவிட்டது. அப்புறம் இத்தனையாவது கட்டத்தைக் கொடு என்றால் கொடுக்கிறது, அவ்வளவுதான். உள்ளே இருப்பது ஒருத்தன் கழுத்தா, கல்யாண வீடியோவா என்று அதற்குத் தெரியாது.

சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது.

அக்டோபர் 29, ஞாயிறு

பூசைக்குப் போய்விட்டு நேரே ஆஸ்பத்திரி. இரண்டாம் டிஸ்க். மீன்காரி வந்து திரும்பிப் போயிருக்கிறாள். வெறும் தயிரோடு சாப்பிட்டேன்.

அக்டோபர் 30, திங்கள்

நாலாம் டிஸ்க் பதிலே சொல்லவில்லை. மாட்டினேன், உள்ளே தட்டு சுழலும் சத்தம் நன்றாகக் கேட்கிறது. நீ யார் என்று கம்ப்யூட்டர் கேட்கிறது, கேட்கிறது, கேட்டுக்கொண்டே இருக்கிறது. மௌனம். மாதாவே, இதுவும் போனால் எல்லாம் போச்சு.

கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். டிஸ்கின் முனையில் இரண்டு வாய் உண்டு. பெரியது மின்சாரத்துக்கு, சின்னது பேச்சுக்கு. சின்னதில் ஏழே ஏழு தங்கப் பட்டைகள். அதன்மேல் காய்ந்த சந்தனம்! ஈரமாக இருந்தவரை எப்படியோ பேசியிருக்கிறது, காய்ந்து பொருக்கானதும் வாயடைத்துவிட்டது. காது குடையும் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்தேன், ஒவ்வொரு பட்டையாக. இசக்கியப்பனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். மறுபடி மாட்டியதும் பெயரைச் சொல்லிவிட்டது. நாற்காலியிலிருந்து எழுந்து அறைக்குள்ளேயே ஒரு சுற்று நடந்தேன்.

அக்டோபர் 31, செவ்வாய்

நாலு நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதி பார்த்தேன். ஒன்று, இரண்டு, நாலு மூன்றிலும் கடைசி எழுத்து அக்டோபரில். மூன்றாவதில் ஜூன் ஒன்பதோடு நின்றுபோயிருக்கிறது. அதற்குப்பிறகு அதில் ஒரு எழுத்துகூட எழுதப்படவில்லை.

அதாவது ஜூனிலேயே அது படுத்துவிட்டது. கன்ட்ரோலர் அதை ஒதுக்கிவிட்டு, மூன்று பேரை வைத்து இத்தனை மாதமாக ஓட்டியிருக்கிறது. இசக்கியப்பன் கழற்றித் துடைத்து மாட்டியதும் அது மறுபடி எழுந்து நின்றுவிட்டது. ஃபோன்காரர் கட்டாயமாகச் சேர்க்கச் சொன்னதும், ஜூனுக்கு முந்திய யார் யாருடைய கணக்கையோ எல்லாருக்கும் நடுவே சொல்லத் தொடங்கிவிட்டது.

கன்ட்ரோலர் தன் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறது: ஜூன் ஒன்பது, அபாய ஒலி, உடனே ஒலி நிறுத்தப்பட்டது. பிரகலாதனிடம் கேட்டேன்.

"நான்தாங்க நிறுத்தினேன்" என்றார். மறைக்கவில்லை. "உள்ள பேஷண்ட் இருந்தாரு. கம்பெனிக்குச் சொன்னேன், அடுத்த சர்வீஸ்ல மாத்தறோம்னாங்க. வண்டி ஓடுதில்லன்னு விட்டுட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா சார்."

"உங்க வேலை இல்லைன்னு நெனச்சேங்க."

இந்தப் பெட்டி இதற்குமுன் எப்போதாவது கூவியதா என்று வியாழனே நான் இவரிடம் கேட்டிருந்தால் மூன்றாவதைத் தொட்டே இருக்கமாட்டேன். மற்ற மூன்றும் போதும். இரண்டு நாள், தேவையே இல்லாத டிஸ்குக்கு. பாடப்படி சரியாகத்தான் செய்தேன்.

மூன்றை மட்டும் வைத்துக் கோத்தேன். லிங்கதுரையின் கழுத்துப் படம் முழுசாக வந்தது. கடைவாயில் பல் இல்லை. அப்பாடா என்று மேசையில் தலையைச் சாய்த்துவிட்டேன்.

நவம்பர் 2, வியாழன்

நேற்று முழுக்க பிரகலாதன் ஒவ்வொரு பிளானையும் தண்ணீர்த் தொட்டியில் கதிர் விட்டு அளந்து பார்த்தார். இன்று சிகிச்சை தொடங்கியது. லிங்கதுரை உள்ளே போகும்போது என்னைப் பார்த்துத் தலையசைத்தார், பேசவில்லை. டாக்டர் கூடுதலாகச் சில தடவை சேர்த்திருக்கிறார்.

மதியம் பிரகலாதன் என்னைத் தனியே கூப்பிட்டு இரண்டு படங்களைக் காட்டினார். அன்றைக்குப் புதன்கிழமை திறந்த பிளான் ஒன்று, உண்மையான பிளான் ஒன்று. ஏழு கதிரில் இரண்டின் வடிவம் வேறு ஆளுடையது. அதில் ஒன்று நேரே கழுத்துத் தண்டுவடத்தின் மேல்.

"தெரியாம அதையே மீதி நாளும் வச்சிருந்தோம்னா கை, கால் வராமப் போயிருக்கும்ங்க. நான் அனுப்ப இருந்தேன் மேடம். விரலு பட்டனு மேல இருந்துச்சு." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

நிர்வாக அதிகாரி எங்கள் இருவரையும் அழைத்துச் சொல்லிவிட்டார். ஒன்றும் நடக்கவில்லை, நடக்க இருந்ததை நோயாளிகளிடம் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம், வெளியே யாரும் வாய் திறக்கக்கூடாது.

நவம்பர் 10, வெள்ளி

இசக்கியப்பன் விஷயமாக எழுதிக் கொடுத்துவிட்டேன். டிஸ்க் ஜூனிலேயே போனது, தவறு கட்டாயமாகச் சேர்த்ததில், துடைத்ததில் அல்ல என்று. சந்தனத்தையும் எழுதினேன். உள்ளதை உள்ளபடிதான் எழுதமுடியும். பிரகலாதன் தானே போய் ஒலி விஷயத்தைச் சொன்னாராம்.

கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது.

நவம்பர் 27, திங்கள்

இசக்கியப்பன் வேலைக்குத் திரும்பினார். என்னைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். "இனிமே தூசி கெடந்தாலும் தொடமாட்டேன் மேடம்." தூசியைத் துடையுங்கள், டிஸ்கை விட்டுவிடுங்கள் என்றேன்.

லிங்கதுரைக்கு இன்றோடு முடிந்தது. தங்கபுஷ்பம் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தாள். என் அறைப் பக்கம் வரவில்லை. சர்க்கரை உடம்புக்கு ஆகாது.

பிப்ரவரி 8, வியாழன்

டாக்டர் அறைக்கு வெளியே அவர்களைப் பார்த்தேன். கேட்கவேண்டியதே இல்லை, அவள் முகத்திலேயே தெரிந்தது. கட்டி போகவில்லை. திருவனந்தபுரத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். குரல்வளையையே எடுக்க வேண்டுமாம்.

பிரகலாதனிடம் கேட்டேன், அந்த இடைவெளியாலா என்று. "இருக்கலாம்ங்க. இல்லாமலும் இருக்கலாம். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சம் வாய்ப்பு கொறையும். ஆனா ஒரு ஆளுக்கு இன்னதாலன்னு யாராலும் சொல்ல முடியாது." நான் கேட்காமலே இருந்திருக்கலாம்.

பிப்ரவரி 9, வெள்ளி

தலைவலி. லீவு.

ஏப்ரல் 18, வியாழன்

நல்ல வெயில். சாயங்காலம் ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாப்பில் இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். லிங்கதுரை கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி, நடுவில் ஓட்டை, அதன் வழியாக மூச்சு. மெலிந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. தங்கபுஷ்பம் அந்த உதட்டைப் பார்த்துவிட்டு, பிடிக்காமல்தான், சொன்னாள்: "நல்லா இருக்கியளான்னு கேக்காவ."

"நான் நல்லா இருக்கேன் அண்ணாச்சி" என்றேன்.

"இருப்பிய. ஒங்களுக்கென்ன?" இது அவளுடையது. "அன்னைக்கு இவிய மொகத்துல வலயப் போட்டுப் பூட்டி, எல்லாம் ரெடின்னு கெடந்தாவ. நீங்க வந்து வயர புடுங்குனிய. அது ஒண்ணுதான் எங்களுக்கு வெனையாப் போச்சி. இல்லன்னா இவிய சத்தம் இருந்திருக்கும்லா?"

அதிகாரி சொன்னது நினைவுக்கு வந்தது. வேலை போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது. பஸ் ஸ்டாப் கல்லில் உட்கார்ந்து சொன்னேன், எல்லாவற்றையும். பெட்டிக்குள் வேறொருவனின் கணக்கு கலந்திருந்ததை, ஏழில் இரண்டு கதிர் இவருடையது இல்லை என்பதை, ஒன்று தண்டுவடத்தின் மேல் விழ இருந்ததை. சொல்லக்கூடாது என்று உத்தரவு இருந்தது என்பதையும் சொன்னேன்.

லிங்கதுரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு அசைந்தது.

"தண்டுவடத்துல பட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு கேக்காவ" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

"கை, கால் வராமப் போயிருக்கும் அண்ணாச்சி. படுக்கையிலேயே."

அவர் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து ஏதோ சொன்னார், நீளமாக. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். தலையை ஆட்டினாள், சொல்லமாட்டேன் என்று. மறுபடி கேட்டதும்தான் சொன்னாள். "'அப்ப ஒனக்குப் பாரமாக் கெடந்திருப்பேன். இப்ப நடந்துதானே வாரேன்'ங்காவ."

அப்புறம் திடீரென்று என் பக்கம் திரும்பினாள். "நான் பாவி டீச்சர். அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு மண்ண வாரித் தூத்துனேன். வயர புடுங்குன கை வெளங்காமப் போவட்டும்னு வயிறெரிஞ்சி தூத்துனேன். ஆபரேஷன் அன்னைக்கும் தூத்துனேன். ஒரு நாளு விடாம ஒங்கள சாபம் போட்டு வஞ்சிருக்கேன். அத இப்ப எப்பிடி திரும்ப எடுக்க? எந்தக் கோயில்ல போயிச் சொல்ல?"

"எடுக்க வேண்டாம்க்கா" என்றேன். "கெடக்கட்டும்."

"ஐயோ, அப்பிடிச் சொல்லாதிய." என் வலது கையை இழுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். மூன்றாம் டிஸ்கோடு நான் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு நாளைச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. பஸ் வரும்வரை அவள் என் கையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.